உலக்கைக்கு அடியில் ஒரு கை

கானா நாட்டின் குமாசியில், பந்தாமா பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் செர்வா அக்காவின் சாப்பாட்டுக் கடை. வெந்த மரவள்ளியையும் வாழைக்காயையும் உரலில் போட்டு நான் நின்றுகொண்டு இடிப்பேன். அக்கா பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து, உலக்கை மேலே போகிற இடைவெளியில் கையை விட்டு மாவைப் புரட்டுவாள். ஃபுஃபு என்கிற எங்கள் ஊர்க் களி அப்படித்தான் பதமாகும். நான் அவள் கையைப் பார்க்க மாட்டேன், அவள் உலக்கையைப் பார்க்க மாட்டாள். வாய் மட்டும் ஓயாமல் என்னைத் திட்டிக்கொண்டிருக்கும்.

வலது மார்பில் புற்றுநோய் வந்து அதை எடுத்த பிறகும் அதே வலது கையால்தான் புரட்டினாள். ரவிக்கைக்குள் துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டு, "இது வேலை நாள் மாருடா. சர்ச்சுக்குப் போறப்ப இன்னும் கொஞ்சம் பெருசா வச்சுக்குவேன்" என்று சிரிப்பாள். மறுபரிசோதனைக்குப் போன அன்று அந்தச் சிரிப்பு நின்றது. விருப்பமிருந்தால் வயிற்றிலிருந்து சதையெடுத்துப் புது மார்பு செய்து வைக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அக்கா காதில் விழுந்தது கத்திச் சத்தம் மட்டும்.

"மாருக்காக வயித்த வெட்டுறவன், நாளைக்கு எதுக்காக எத வெட்டுவான்னு யாரு கண்டா?"

அதோடு ஆஸ்பத்திரி இருக்கும் திசையில் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

கை வீங்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். முதலில் மோதிரம் கழலவில்லை. சோப்புப் போட்டு உருவினாள். அடுத்து முழுக்கைச் சட்டைக்கு மாறினாள். அடுப்புப் பக்கத்தில் முழுக்கைச் சட்டை போடுகிறவள் எதையோ மறைக்கிறாள் என்று எனக்குத் தெரியாதா? ஒரு நாள் அவள் கை கொஞ்சம் தாமதமாக வெளியே வந்தது. உலக்கை விரலை உரசிக்கொண்டு இறங்கியது. அன்றிலிருந்து ஒவ்வொரு குத்துக்கும் பயந்து பயந்துதான் இடித்தேன்.

கையை மாற்றிக்கொள்ளவும் வழியில்லை. கால் கழுவும் இடது கையைச் சாப்பாட்டில் விட்டால் எங்கள் ஊரில் உரலையே தூக்கிப் போட்டு உடைப்பார்கள்.

"ஆஸ்பத்திரிக்குப் போவோம்க்கா."

"போனா கைய எடுத்துருவாங்கடா. ஒத்தக் கைக்காரி கடையில எவன் திம்பான்?"

அவள் தங்கை ஃப்ரேமாதான் வழி சொன்னாள். "வெள்ளிக்கிழமை பொடிக்காரர கூட்டியாறேன். பிளேடால அங்கங்க கீறி கருப்புப் பொடி தேச்சா கெட்ட நீரெல்லாம் எறங்கிரும்." எங்களில் பலர் உடம்பில் அந்தத் தழும்பு உண்டு, என் முழங்காலிலும் உண்டு. அக்கா சரி என்றாள். நானும் தலையாட்டினேன்.

வியாழக்கிழமை மத்தியானம் கடையில் கூட்டம் நெரிந்தது. அக்காவுக்குக் கண் சிவந்து முகமெல்லாம் வேர்வை. வலது கை உரலுக்குள் போனது. விரல்கள் மடங்கவில்லை, மாவு புரளவில்லை, கை வெளியே வரவும் இல்லை. இறங்கிக்கொண்டிருந்த உலக்கையைப் பக்கவாட்டில் இழுத்து உரல் விளிம்பில் மோதினேன். அந்தப் பதற்றத்தில் அக்கா தன்னையறியாமல் இடது கையை விட்டு மாவைப் புரட்டினாள்.

டாக்ஸி ஓட்டும் ஒப்போங் தட்டைத் தள்ளிவைத்தான்.

"ஏம்மா, கால் ஒண்ணுதான் பாக்கி. அதையும் விட்டுக் கெளறு!"

ஒருவரும் சிரிக்கவில்லை. அக்கா அப்படியே உட்கார்ந்திருந்தாள், பல் கிட்டிக்கொண்டு உடம்பு நடுங்கியது. நான் குனிந்து அவள் சட்டைக் கையைச் சுருட்டினேன். தோள்வரை சிவந்து, தொட்டால் சுட்டது. எட்டிப்பார்த்த ஒப்போங் டாக்ஸி சாவியை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினான்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் தொடுவதற்கு முன்பே அக்கா கேட்டாள். "எங்கருந்து வெட்டுவீங்க? முழங்கையா, தோளா?"

"யாரு வெட்டுறேன்னா?"

பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்துவிட்டு டாக்டர் பொறுமையாகச் சொன்னார். "புத்துநோய் திரும்பி வரலம்மா. அன்னைக்கு அக்குள்ல இருந்த நெறிகட்டிகளையும் எடுத்தோம், அதான் கையில நீர் வடிய வழியில்லாம தேங்கிருச்சு. இப்ப கிருமி வேற ஏறியிருக்கு. வீங்க ஆரம்பிச்சப்பவே வந்திருந்தா கட்டுப் போட்டு அடக்கி வச்சிருக்கலாம். இனிமே முழுசா வத்தாது. ஆனா ஒண்ணு, இந்தக் கையில சின்னக் கீறல்கூட விழக்கூடாது. விழுந்தா உசுருக்கே ஆபத்து."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். மறுநாள் வெள்ளிக்கிழமை, பொடிக்காரர் பிளேடோடு வருகிற நாள்.

ஊசியும் மருந்தும் ஏற்றி, காய்ச்சல் இறங்கிய பிறகு ஒரு நாள் நர்ஸ் வந்து விரலிலிருந்து தோள்வரை இறுக்கிக் கட்டுப் போட்டாள். விரல் நுனிகள் மட்டும் வெளியே தெரிந்தன. சுற்றி முடிக்கும்வரை அக்கா கண்ணை இறுக மூடியிருந்தாள். முடிந்தது என்று நர்ஸ் சொன்ன பிறகும் திறக்கவில்லை.

"ஞார்கோ, வெரல எண்ணுடா."

"அஞ்சும் இருக்குக்கா."

"பாத்துச் சொல்லாத. தொட்டு எண்ணு."

தொட்டு எண்ணினேன்.