ஊர் எலும்பு

போன கிழமை என் மச்சான் சிவபாதத்தின் வீட்டுக்கு நடந்து போனேன்.

நாலு வளவு தள்ளியிருக்கிற வீட்டுக்குப் போனதை ஒரு சாதனையாக எழுதுகிறானே என்று சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன வருடம் முழுக்க எனக்கு முற்றமே வெளிநாடு!

சோளகக் காற்று அடிக்கிற நாளில், புங்குடுதீவுப் பாலத்தில் சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். காற்று வேட்டியைத் தூக்கியது. எதிரே பஸ் — நிறையப் பொம்பிளைகள். ஹாண்டிலைப் பிடிப்பதா, வேட்டியைப் பிடிப்பதா? மானத்தைப் பிடித்தேன். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது.

மாதக்கணக்கில் பிளாஸ்டர். வெட்டிப் பார்த்தால் எலும்பு ஒட்டவேயில்லை. உடையவனைப் போலவே அதுவும் சோம்பேறி.

பட்டினத்து டொக்டர் சொன்னார்: "உங்கட இடுப்பெலும்பில கொஞ்சம் எடுத்து முறிவுக்குள்ள வைப்பம். சேர்ந்திடும். பிந்தினால் ஆயுளுக்கும் தடிதான்."

நான் தலையாட்டினேன். கூட வந்த மச்சான்தான் முகத்தைச் சுளித்தார். தெற்கில் கடை வைத்திருந்து, எண்பத்து மூன்றுக் கலவரத்தில் எல்லாம் எரிய ஊருக்கு வந்தவர். மகன்மார் மூவரும் ஜேர்மனியில்.

"டொக்டர், இவரின்ர எலும்பே ஒட்டாமல் கிடக்கு. அதுக்கு இவரின்ர எலும்பையே வைக்கிறதோ? என்ர பெடியள் வெளிநாட்டில நிக்கிறாங்கள். நல்ல எலும்பா எடுப்பிக்கலாம்."

டொக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "ஐயா, இவரின்ர எலும்பில உயிர் இருக்கு. உடம்பு தன்ர ஆளெண்டு சேர்க்கும். பிறத்தி எலும்பு இதுக்கு ஈடாகாது."

"ஜேர்மன் எலும்புமோ?"

டொக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வெட்கக்கேடு என்னவென்றால், வரும் வழியில் நானும் யோசித்தேன்... ஜேர்மன் எலும்பென்றால் நடை கொஞ்சம் வேகமாயிருக்குமோ? ஆபரேஷனைத் தள்ளிப் போட்டேன்!

எங்கள் தீவாரைப் பிடித்த வருத்தமே இதுதான். வேலியில் முருங்கை காய்த்துத் தொங்கும். சூப் பக்கற் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். அங்கிருந்து வந்த சவர்க்காரம் கரைந்து முடிந்த பிறகும் அதன் பெட்டி ஷோகேசில் கொலுவிருக்கும். கிணற்றுத் தண்ணி உப்பு என்கிறோம், நியாயம். எலும்புமா உப்பு?

கடைசியில் மச்சானின் மகன்மார் அனுப்பிய பார்சல் கொழும்பு வழியாக வந்தது. எலும்பல்ல. கக்கத்தில் வைத்து ஊன்றும் அலுமினியத் தடி... ஒரு சோடி!

சனம் திரண்டது. தட்டிப் பார்த்தார்கள். தூக்கிப் பார்த்தார்கள். "ஐயோ, பஞ்சு மாதிரியெல்லே கிடக்கு!" என்றார்கள். என் காலை ஒருத்தரும் பார்க்கவில்லை.

மச்சான் நெஞ்சை நிமிர்த்தினார். "இந்தத் தீவில ஆரிட்டை இருக்கு இப்பிடிச் சாமான்? இனி உமக்கு ஆபரேஷனும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்."

குசினியிலிருந்து என் மனைவி, அதாவது அவர் தங்கை, வெளியே வந்தாள். "அண்ணை, தடி நல்ல வடிவுதான். வேணுமெண்டால் ஷோகேசில வையுங்கோ. எனக்கு மனிசன் நடக்கவேணும்."

அவ்வளவுதான். அடுத்த கிழமையே என்னை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டாள்.

ஆபரேஷனுக்குப் பிறகு காலைவிட இடுப்புத்தான் அதிகம் நொந்தது. வாங்கினவனுக்கு என்ன, கொடுத்தவனுக்குத்தானே நோகும்! தேறும்வரை அந்தத் தடிகளும் உதவின, பொய் சொல்லக்கூடாது. ஆனால் நடக்க வைத்தது என் இடுப்பு.

ஆகவேதான் போன கிழமை, தடிகளைத் தோளில் போட்டுக்கொண்டு, எக்ஸ்ரே படத்தோடு மச்சான் வீட்டுக்குப் போனேன். தடிகளைத் திருப்பி வாங்கும்போது அவர் முகத்தில் செத்தவீட்டுக் களை.

"அதுக்குள்ள சுகம் வந்திட்டுதோ? இன்னும் கொஞ்சநாள் வைச்சிருந்திருக்கலாமே..."

பிறகு படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"ஒட்டித்தான் கிடக்கு," என்றார், மனமேயில்லாமல். "எண்டாலும் மச்சான்... பாக்க ஊர் எலும்பு மாதிரித்தானே இருக்கு?"

நான் கதிரையை விட்டு எழும்பி, நடந்து வந்துவிட்டேன்.