தண்ணீர் மேல் எரிந்த தீ

பெட்ரோல் ஏற்றிய பழைய டேங்கரை வெல்டிங் வைக்கும் முன் எங்கள் பட்டறையில் அதற்குள் தண்ணீர் நிறைப்போம். உள்ளே தங்கிய ஆவியைத் தண்ணீர் வெளியே தள்ளிவிடும். பிறகு பொறி பட்டாலும் வெடிக்காது. நாமக்கல்லில் இந்த வேலைக்கு வந்ததிலிருந்து, தண்ணீர் இருக்கும் இடத்தில் எனக்குப் பயம் இருந்ததில்லை. மகன் சரக்குக் கப்பலில் ஃபிட்டராகப் போகிறேன் என்றபோது அவன் அம்மா அழுதாள். "சுத்தியும் தண்ணி. லாரி ஓட்டறதுக்கு அது தேவலை" என்று நான்தான் அனுப்பி வைத்தேன்.

போன மாசம் ஒரு மத்தியானம் பட்டறையில் சோறு தின்றுகொண்டிருந்தோம். பெயின்டர் செல்போனை நீட்டினார். எங்கோ இரண்டு நாடுகளுக்குள் நடக்கிற சண்டை. சாம்பல் நிறத்தில் ஒரு போர்க்கப்பல் போய்க்கொண்டிருந்தது. கீழே இருந்ததை எழுத்துக் கூட்டி வாசித்தேன். நாசகாரிக் கப்பலாம். திடீரென்று ஒரு வெளிச்சம். கப்பல் நடுவில் முறிந்து இரண்டு முனையும் மேலே தூக்கிக்கொண்டன.

"ஏனுங்க, நம்ம பட்டறைக்குக் கொண்டாந்தா ஒட்டிக் குடுத்துருவீங்களா?" என்றார் பெயின்டர்.

"மொதல்ல தண்ணி நெறைக்கோணுமுங்க."

"அத அவங்களே நெறைச்சுட்டாங்களே!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் பேசி நாலு பேர் சிரிப்பது அபூர்வம். நானும் சிரித்தேன்.

கை கழுவுவதற்குள் மனைவியின் போன் வந்தது. "டிவி பாத்தீங்களா? நம்ம பையன் கப்பலு அந்தக் கடல்லதானுங்க போகுது. கூப்புட்டா எடுக்க மாட்டேங்கறான்."

பெயின்டரிடம் செல்போனை வாங்கி அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். முதலில் கவனிக்காதது இப்போது தெரிந்தது. கப்பல் மூழ்கிய பிறகும் கடல் எரிந்தது. தீக்கு நடுவே கறுப்பாக ஏதேதோ அசைந்தன.

சாயங்காலம் மகனே கூப்பிட்டான்.

"அப்பா, நான் நல்லா இருக்கறனுங்க."

"சரி சாமி."

"கடல்ல கெடந்தவங்களக் கயிறு போட்டுத் தூக்குனமுங்கப்பா. ஒருத்தனுக்கு என் வயசுதான் இருக்கும். கையப் புடிச்சு இழுத்தேன். தோலு கழண்டு என் கையோட வந்துருச்சு. ஆளு போயிட்டான்." மூச்சு வாங்கினான். "தண்ணிக்குள்ள கெடந்தவன் எப்படிப்பா வெந்தான்?"

எண்ணெய் தண்ணீருக்கு மேலேதான் மிதக்கும். தினமும் பட்டறையில் பார்ப்பதுதான்.

"சாப்டியா சாமி?"

"தட்டுல கை வைக்க முடியலீங்கப்பா."

மறுநாள் ஒரு பழைய டேங்கர் வந்தது. குழாயைப் போட்டு விட்டோம். தண்ணீர் விளிம்புக்கு வந்து வழிந்தது. அதன் மேல் எண்ணெய் வானவில்லாக மிதந்து வந்தது. வெல்டிங் ராடைக் கையில் எடுத்தேன்.

"தண்ணிதான் நெறஞ்சுருச்சுங்களே. ஆரம்பிக்கலீங்களா?" என்றார் பெயின்டர்.

"இன்னும் கொஞ்சம் ஓடட்டுமுங்க."

தண்ணீர் என் காலை நனைத்து ரோடு வரைக்கும் போனது. குழாயை மூடாமல், தண்ணீர் மேல் மிதந்த எண்ணெயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.