ஒரே ஒரு தடவை கூப்பிட வை

ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து முருகனை வாய்க்கு வந்தபடி திட்டியவள் நான். இன்றைக்கு இந்தக் கிருத்திகை பூஜையில் அவனுக்கு நன்றி சொல்ல நிற்கிறேன். நடுவில் அழுதால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் சிவகங்கைப் பக்கம். என் வீட்டுக்காரர் சேகருக்கு ஓசூர் சிப்காட்டில் வேலை. நான் ஒரு தினசரிக்கு அரசியல் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். பேப்பரில் போடாமல் விட்டதையெல்லாம் ப்ளாக்கில் எழுதுவேன். அப்போது ப்ளாக் புதுசு. பொம்பளை அரசியல் எழுதினால் கண்டபடி பின்னூட்டம் போடுவார்கள் என்று அவர்தான் தன் பெயரைக் கொடுத்தார். "எம் பேரு சும்மாத்தானே கெடக்கு, எடுத்துக்க புள்ள" என்று சிரித்தார்.

உள்ளாட்சித் தேர்தல் நேரம். தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு வேட்பாளர் திடீரென்று மனுவை வாபஸ் வாங்கினார். சொந்தத் தம்பி கேட்டுக்கொண்டதால் விலகியிருப்பார் என்பது என் அனுமானம் என்று எழுதினேன். அவ்வளவுதான் எழுதினேன்.

அந்த வேட்பாளர் வீட்டில் பேசுவது தெலுங்கு. யாரோ பிரவுசிங் சென்டரில் நான் எழுதியதைப் படித்து அந்தத் தம்பியிடம் சொல்லிவிட்டான். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கிய என் வீட்டுக்காரரை அவன் மறித்திருக்கிறான். "எழுதுனது நீதானே?" என்று கேட்டிருக்கிறான். இவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "நான்தான்" என்றாராம். பிடித்துத் தள்ளியதில் பின்மண்டை கல்லில் அடித்துவிட்டது.

பெங்களூரு ஆஸ்பத்திரியில் அவர் கண்ணே திறக்கவில்லை. தள்ளியவனைப் போலீஸ் பிடித்துவிட்டது. அவன் மனைவி ரத்னம்மா என்னைத் தேடி வந்து காலில் விழுந்தாள்.

"அக்கா, தம்பியே அண்ணன விலக வெச்சு ஏமாத்திட்டான்னு ஊருக்கே தெரியற மாதிரி சந்தேகப்பட்டு எழுதிட்டாரேன்னு இவருக்கு ரோசம் வந்துடுச்சிக்கா."

"எழுதினது நான்டி! நான் எங்க சந்தேகப்பட்டேன்?"

"அனுமானம்னு இருந்துச்சே. எங்க பாஷையில அனுமானம்னா சந்தேகந்தான்க்கா."

தலையில் அடித்துக்கொண்டேன். "ஐயோ, அப்படி இருக்கும்னு நெனைக்கிறேன்னுதானடி சொன்னேன்!"

அவளும் அழுதாள். நானும் அழுதேன். பிறகு டாக்டர் வந்து, "இனிமே எங்க கையில இல்லம்மா" என்றார்.

அப்போதுதான் முருகனைத் திட்டினேன். ஒரு சொல்லுக்கு ஓர் உயிரா, உனக்குக் கண்ணில்லையா என்று கத்தினேன். கத்திக் கத்தித் தொண்டை வற்றிப்போனது. கடைசியில், "முருகா, ஒரே ஒரு தடவை அவர் என் பேரைச் சொல்லிக் கூப்பிட வை. அது போதும்" என்று கேட்டேன்.

மறுநாள் மத்தியானம் அவர் கண் திறந்தார். நர்ஸே திகைத்து நின்றுவிட்டார்.

"செல்வி, சாப்ட்டியா?"

"சாப்ட்டேங்க" என்றேன். முந்தின நாளிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அவர் லேசாகத் தலையாட்டிவிட்டுக் கண்ணை மூடினார். சாயங்காலம் உயிர் போய்விட்டது.

இப்போது என் சொந்தப் பெயரில் எழுதுகிறேன். சந்தேகமான சொல் வந்தால் ரத்னம்மாவுக்குப் போன் போட்டு, "உங்க வீட்டுல இதுக்கு என்னம்மா அர்த்தம்?" என்று கேட்கிறேன். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. அதுவும் முருகன் கொடுத்ததுதான்.

டாக்டர்கள் கைவிட்டவர் வாயிலிருந்து என் பெயரை வரவழைத்தவன் அவன். நீங்களும் அவனிடம் கேளுங்கள். நிச்சயம் கொடுப்பான். நாம் சொல்வதை அவன் அப்படியே எடுத்துக்கொள்கிறான். அதனால் நிறையக் கேளுங்கள். என்னைப் போல, ஒரு தடவை போதும் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.