கூரை விளிம்பின் கீழ்

சித்தி கிரான்பர்னில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தது, இங்கே குளிர் தொடங்கும் யூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. எனக்கு அப்போது பத்து வயது. அவருக்கு வயிற்றில் ஒப்பரேஷன் என்றும், சித்தப்பாவுக்கு லீவு கிடைக்காததால் குளிர்காலம் முடியும்வரை எங்களோடு இருப்பார் என்றும் அம்மா சொன்னார். நான் என் அறையை விட்டுக்கொடுத்தேன்.

உண்மையில் சித்திக்கு ஒரு பெண்குழந்தை இறந்தே பிறந்திருந்தது. சிறு பிள்ளைகளை எங்கள் ஆட்கள் எரிப்பதில்லை. அப்பாவும் சித்தப்பாவும் போய்ப் புதைத்துவிட்டு வந்தார்கள். பெண்கள் மயானத்துக்குப் போகும் வழக்கமும் இல்லை. ஆகவே பிள்ளை எங்கே கிடக்கிறது என்பது பெற்ற தாய்க்கு மட்டும் தெரியாது. இதையெல்லாம் நான் அறிந்துகொள்ளப் பல வருடங்கள் ஆயின.

அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், வெள்ளிக்கிழமைகளில் மலையடிவாரத்தில், த பேசின் என்ற ஊரில் இருந்த பிள்ளையார் கோயிலுக்குப் போவது நின்றுபோனது என்பதுதான். கார் பழுது என்றார்கள். அதே கார் என்னைத் தினமும் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுவதை நான் சுட்டிக்காட்டினேன். அது மலையடிவாரம் வரைக்கும் ஓடாத பழுது என்று அப்பா விளக்கினார். சாவுத் தீட்டைக் குறிக்கும் துடக்கு என்ற சொல்லை என் முன்னால் யாரும் உச்சரிக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் அந்தத் தவணை மத்தியகால இங்கிலாந்தின் கிராமம் ஒன்றை அட்டையில் செய்தோம். கோட்டையும் ஆலையும் முந்திக் கையுயர்த்தியவர்களுக்குப் போய்விட, எனக்கு மிஞ்சியது ஊர்த் தேவாலயம். நூலகத்தில் இருந்து ஒரு படப் புத்தகம் எடுத்துவந்தேன். திகதிகளில் எனக்கு அந்த வயதிலேயே ஒரு பித்து. அந்தத் தேவாலயம் ஒரே காலத்தில் கட்டப்படவில்லை என்ற செய்தி என்னைப் பிடித்துக்கொண்டது. முதலில் நீண்ட மண்டபமும், அதன் கிழக்கே பலிபீடத்துக்கு ஒரு சிறிய அறையும் மாத்திரம். தடித்த சுவர்கள், தலை வளைந்த குட்டி யன்னல்கள். சனம் பெருகியபின் வடக்குச் சுவரை வளைவு வளைவாக உடைத்து ஒரு பக்க மண்டபத்தைச் சேர்த்தார்கள். பிறகு கூர் நுனி யன்னல்கள் வந்தன. மேற்கே மணிக்கோபுரம் எல்லாவற்றுக்கும் கடைசி.

நானும் அதே வரிசையில்தான் கட்டினேன். ஒட்டிக் காய்ந்த நல்ல சுவரைப் பிறகு கத்தியால் வெட்டி வளைவுகள் செய்தேன். ஒட்டுவதற்கு முன்பே வெட்டினால் என்ன என்று அம்மா கேட்டார். அது வரலாற்றுப் பிழை என்றேன். ஒவ்வொரு பகுதிக்கும் உள்பக்கத்தில் அதன் நூற்றாண்டைப் பென்சிலால் எழுதிவைத்தேன்.

சித்தி சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிர்க் கதிரையில் இருப்பார். நான் சொல்வதைக் கேட்டாரா என்று தெரியாது; எழுந்து போகவில்லை, எனக்கு அது போதுமாக இருந்தது. ஒரு பின்னேரம், பக்கத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் இருந்த ஒரு குறிப்பை அவருக்குத் தமிழில் சொன்னேன். பழைய தேவாலயங்கள் சிலவற்றின் சுவரோரம் தோண்டியபோது கைக்குழந்தைகளின் எலும்புகள் நிறைய அகப்பட்டனவாம். ஞானஸ்நானம் கொடுக்குமுன் இறந்த பிள்ளைகளாக இருக்கலாமாம். கூரையில் பட்ட மழை புனிதமாகி, விளிம்பால் வடிந்து அவர்கள்மேல் சொட்டட்டும் என்று அங்கே வைத்திருப்பார்களாம்.

"ஆர் கொண்டுபோய் வைச்சது? தாய்மாரோ?" என்று சித்தி கேட்டார்.

புத்தகத்தில் அது இல்லை என்றேன். அவர் என் அட்டைக் கூரையின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"கூரையில்லாத வெட்டையில கிடக்கிற பிள்ளையளிலையும் மழை படுந்தானே?"

"கூரையில பட்டு விழவேணும் சித்தி. இல்லாட்டி அது சும்மா மழை."

சித்தி தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனார்.

திங்கட்கிழமை ஒப்படைக்கவேண்டும். அதற்கு முந்திய சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்து அப்பாவோடு வீட்டுக்கு வந்தபோது நல்ல மழை. மேசையில் தேவாலயம் இல்லை. பின்வளவுக்கு ஓடினேன். அது புல்லின்மேல் நனைந்துகொண்டிருந்தது. கோபுரம் சரிந்து, சுவர்கள் ஊதி, கூரை விளிம்பால் சாம்பல் நிறப் பெயின்ற் வடிந்தது. சித்தி குடையும் இல்லாமல் பக்கத்தில் குந்தியிருந்தார். நான் கத்திய கத்தலில் அம்மா அகப்பையோடு வெளியே வந்தார்.

"ஒண்டுமில்லை ராசா. தண்ணி எங்க விழுதெண்டு பாத்தனான்," என்றார் சித்தி.

நான் அழுதுகொண்டே தேவாலயத்தைத் தூக்கினேன். வடக்குச் சுவரோரம், விளிம்பில் இருந்து தண்ணீர் சொட்டிய இடத்தில், ஆஸ்பத்திரியில் கையில் மாட்டிவிடும் பிளாஸ்ரிக் பட்டி ஒன்று கிடந்தது. அதை இரண்டு விரல்களில் மாட்டிக்கொண்டு திகதியை வாசித்தேன். சித்தி எங்களிடம் வருவதற்கு மூன்று நாள் முந்திய புதன்கிழமை. ஒப்பரேஷன் திகதி சரியாக இருக்கிறது என்று அழுகைக்கு நடுவிலும் எனக்கு ஒரு திருப்தி. கழற்றி அப்பாவிடம் கொடுத்தேன்.

அப்பா அதை உள்ளங்கையில் வைத்து மழையில் நின்றார். பட்டியைச் சித்தியின் கையில் வைத்து மூடிவிட்டு, "வெளிக்கிடு பிள்ளை. இடத்தைக் காட்டுறன்," என்றார்.

"பொம்பிளையள் அங்க போறேல்லையப்பா," என்று அம்மா தாழ்ந்த குரலில் சொன்னார்.

"தாய் போகலாம்."

சித்தி ஈர உடுப்பைக்கூட மாற்றவில்லை. அட்டை வாங்கக் கடைக்குப் போகிறார்கள் என்று நினைத்து, தடித்த அட்டையாகப் பார்த்து வாங்கும்படி நான் காரின் பின்னால் ஓடிக் கத்தினேன். இருட்டும் நேரத்தில் திரும்பி வந்தார்கள். அப்பா அட்டையும் வாங்கிவந்திருந்தார். நான் உறையைத் திறந்து, அது நனையவில்லை என்று உறுதிசெய்துகொண்டேன். சித்தியின் முழங்கால்களில் சேறு இருந்தது.

மறுநாள் அவசரத்தில் வளைவுகளை முதலிலேயே வெட்டித்தான் ஒட்டினோம். வரலாற்றுப் பிழை என்று நான் முறைப்பட்டேன். பசை காயும்வரை சித்தி கூரையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

பின்னாளில் கிளேட்டனில் படித்தபோது பல்கலைக்கழக நூலகத்தில் அந்தச் செய்தியைத் தேடிப்பார்த்தேன். மழைநீர் பற்றிய விளக்கம் அறிஞர்களின் ஊகம் மட்டுமே என்று கண்டு, வழக்கம்போல் குறித்துக்கொண்டேன். அந்தச் சனிக்கிழமை நான் சரிபார்த்ததும் திகதியை மட்டும்தான். என் இரண்டு விரல்களுக்கே இறுக்கமாக இருந்த அந்தப் பட்டி, சித்தியின் மணிக்கட்டில் எப்படி ஏறியிருக்கும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.