அவலூர்பேட்டையிலும் பெய்த மழை

தொண்டூர் அம்மாக்கண்ணுவிடம் வாயைக் கொடுத்துத் தப்பித்தவன் எவனும் இல்லை. ரேஷன் கடை வரிசையில் எவனாவது ஒரு சங்கதியை அவிழ்த்துவிட்டால் போதும், நீ பாத்தியா என்று மூஞ்சிக்கு நேரே கேட்பாள். அது சும்மா வந்த குணமில்லை. கல்யாணமான வருஷமே அவள் புருஷன் பாம்பு கடித்துச் செத்தான். இவள் கால் வைத்த நேரம்தான் என்று சொல்லி, கொழுந்தன்மார் உலக்கையால் மண்டையைப் பிளந்தார்கள். வயிற்றில் அப்போது பார்த்திபன். பாம்பைக் கேட்க ஒருத்தனுக்கும் துப்பில்லை, பாவிகள். நெற்றியில் தழும்பு இன்னும் இருக்கிறது.

அந்தப் பார்த்திபன் வளர்ந்து, ஏரிக்கரையில் மழையையும் காற்றையும் அளக்க நட்ட கம்பத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனான். கம்பம் நட்டதிலிருந்து மழை பொய்த்துப்போனது. கடலைச் செடி கருகியது. உலகம் முழுக்கக் கடல் சூடாகி மழை தடம் மாறுகிறது என்று அவன் சொன்னான். எவன் கேட்டான்? டிராக்டர் ஓட்டும் துரைராஜ் செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டினான். எங்கோ வெளிநாட்டில் ஒரு கம்பம், அதற்கு மேலே மேகம் கலைகிறது. கம்பம்தான் மழையை விரட்டுகிறது என்று நம்ப ஊருக்கு அது போதுமானதாக இருந்தது.

மழை வேண்டிக் கொடும்பாவி இழுத்தார்கள். வைக்கோலில் பாவி பொம்மை செய்து, கயிறு கட்டித் தெருத்தெருவாக இழுத்து, மாரடித்து அழுது, ஊர் எல்லையில் கொளுத்துவது வழக்கம். இந்த முறை பொம்மை எல்லைக்குப் போகவில்லை. துரைராஜ் கும்பலை ஏரிக்கரைக்குத் திருப்பினான். கடப்பாரையால் கம்பத்தைச் சாய்த்தார்கள். தடுக்க வந்த பார்த்திபனின் வாயில் ஒருத்தன் கல்லால் குத்தினான். பல்லும் ரத்தமும் சட்டையில் விழுந்தன.

அம்மாக்கண்ணு களைக்கொத்தோடு ஓடிவந்து குறுக்கே நின்றாள்.

"பக்கத்துல அவலூர்பேட்டையில கம்பம் இருக்குதா? இல்லையே. அங்க மட்டும் மழை பேஞ்சிதா? சொல்லுடா."

கும்பல் சற்று நின்றது. அவள் கேட்டதில் நியாயம் இருப்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவ்வளவு தூரம் கடப்பாரை தூக்கி வந்தவனுக்கு நியாயம் எதற்கு?

"அங்க போற மேகத்தையும் இதான் கலைக்குது. வீடியோல இருக்குதே" என்றான் துரைராஜ்.

"நீ பாத்தியா?"

அவளைக் கீழே தள்ளினார்கள். பொம்மையின் கயிற்றை அவிழ்த்துப் பார்த்திபனின் காலில் கட்டிச் சரளைக்கல் மேல் இழுத்தார்கள். முதுகுத்தோல் உரிந்தது. மாரடித்த பெண்கள் மாரடித்துக்கொண்டே பின்னால் போனார்கள். அம்மாக்கண்ணு எழுந்து ஓடிக் களைக்கொத்தைத் துரைராஜின் தோளில் இறக்கினாள். அதற்குள் எவனோ ஒருவன் கடப்பாரையைப் பார்த்திபனின் முழங்காலில் போட்டுவிட்டான். எலும்பு நொறுங்கிய சத்தம் கேட்ட பிறகுதான் அந்த நாய்கள் கலைந்தன.

அந்த வாரமே மழை கொட்டியது. ஏரி பாதி நிரம்பியது. தோள் கட்டோடு துரைராஜ் பஸ் நிறுத்தத்தில் லட்டு கொடுத்தான். இனி ஆதாரம் வேறு வேண்டுமா என்று ஊரே சந்தோஷத்தில் குதித்தது.

செஞ்சி பஸ்ஸிலிருந்து அம்மாக்கண்ணு இறங்கினாள். ஆஸ்பத்திரியில் மகனின் காலைத் தொடையோடு எடுத்திருந்தார்கள். மாற்றுத்துணி எடுக்க வந்திருந்தாள். துரைராஜ் வழியை மறித்து லட்டை நீட்டினான்.

"கம்பம் போச்சு, மழை வந்துச்சு. இப்ப நீயே பாத்துட்டியா, யக்கா?"

அம்மாக்கண்ணு கத்தவில்லை. முகத்தில் வழிந்த மழைத்தண்ணீரைத் துடைத்துக்கொண்டாள்.

"அவலூர்பேட்டையிலயும்தான் பேஞ்சிருக்குது. அங்க எவன் காலை ஒடச்சீங்க?"