எண்ணாமல் ஆடிய சனிக்கிழமை

எனக்கு முதல் உத்தியோகம் பத்து வயதில் கிடைத்தது. வாரத்தில் ஒரு நாள்தான் வேலை. சனிக்கிழமை மத்தியானம் அத்தையோடு பஸ் ஏறி பாயான் லெப்பாஸ் போக வேண்டும். அங்கே அத்தை ஆடுவதைப் பார்க்க வேண்டும். பார்த்ததை ஒன்றுவிடாமல் சாயந்திரம் அப்பாவிடம் சொல்ல வேண்டும். இதற்கு வேவு பார்ப்பது என்று வீட்டில் யாரும் பேர் வைக்கவில்லை. 'துணைக்குப் போறது' என்றுதான் சொன்னார்கள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில் ஒரு கடைவீட்டின் மாடியில் குடியிருந்தோம். அப்பா அரசாங்க ஆபீசில் குமாஸ்தா. அவருடைய கடைசித் தங்கையான அத்தை எங்களோடுதான் இருந்தாள். இருபத்தேழு வயது. பாயான் லெப்பாஸ் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில், மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தபடி, தலைமுடியைவிட மெல்லிய கம்பிகளை எட்டு மணி நேரம் ஒட்டவைக்கும் வேலை. வீட்டுக்கு வந்த பிறகும் கொஞ்ச நேரம் தலை குனிந்தே இருக்கும். ஈப்போவில் ஒரு மாப்பிள்ளையைப் பற்றிப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அத்தை வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வேண்டும் என்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அதற்குச் சம்மதம் என்று பொருள்.

அந்த வருஷம் தொழிற்சாலையின் ஆன்யுவல் டின்னரில் நடனப் போட்டி வைத்தார்கள். அமெரிக்காவிலிருந்து வந்திருந்த மேனேஜருக்குத் தன் அப்பா காலத்து ஸ்விங் ஆட்டத்தின் மேல் பைத்தியம். ஒவ்வொரு டிபார்ட்மென்டும் ஒரு ஜோடியை அனுப்ப வேண்டும் என்று உத்தரவு. கேன்டீன் ரேடியோவுக்கு அத்தையின் கால் தானாகத் தாளம் போடுவதை யாரோ பார்த்திருக்கிறார்கள். பேர் கொடுத்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்திலோ வேலையிலோ அதுவரைக்கும் அத்தையை யாரும் எதற்கும் தேர்ந்தெடுத்ததில்லை. வீட்டுக்கு வந்து, சோறு போட்டுக்கொண்டே, ரொம்பச் சாதாரணமாகச் சொல்ல முயன்றாள். அப்பா தட்டில் சோறு மலையாகக் குவிந்தது.

ஜோடி யார் என்று அப்பா கேட்டார். லைனில் மெஷின் ரிப்பேர் பார்க்கும் டெக்னீஷியன், சிம்பாங் அம்பாட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் ஃபெர்ரி ஏறி வருகிறவர், நம் ஆள்தான் என்றாள் அத்தை. அந்த டெக்னீஷியனின் அப்பா என்ன செய்கிறார் என்று அப்பா கேட்டார். ரப்பர் எஸ்டேட்டில் பால் மரம் வெட்டுகிறார். அப்பா 'ம்' என்றார். எங்கள் தாத்தாவும் கப்பலைவிட்டு இறங்கி நேராக ஓர் எஸ்டேட்டுக்குத்தான் போனார் என்பது எங்கள் வீட்டில் பேசப்படாத வரலாறு.

பெரிய மேனேஜரே கேட்டிருக்கும்போது முடியாது என்று சொல்ல அப்பாவுக்கு மனம் வரவில்லை. நிபந்தனைகளோடு சம்மதித்தார். பகலில் மட்டும்தான் பயிற்சி. நான் கூடப் போக வேண்டும். கையைத் தவிர வேறெதுவும் படக் கூடாது. அந்தக் கையிலும், உள்ளங்கைக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் ஒரு கைக்குட்டை இருக்க வேண்டும். நம் கல்யாணங்களில் பெண்ணின் கையை எடுத்து மாப்பிள்ளையின் கையில் வைப்பது பெரிய சடங்கு. அதை ஒரு டெக்னீஷியன் சும்மா சனிக்கிழமை தோறும் செய்துவிட்டுப் போவதை அப்பாவால் ஏற்க முடியவில்லை. ஏதாவது சரியில்லை என்று என் வாயிலிருந்து வந்தால் அன்றோடு ஆட்டம் முடிந்தது. இதை அப்பா அத்தை எதிரிலேயே சொன்னார். அதனால் என் வேலையின் கனம் எனக்குத் தெரிந்தே இருந்தது.

கேன்டீனில் மேசைகளை ஓரமாகத் தள்ளியிருந்தார்கள். மத்தியானச் சம்பல் வாசனை இன்னும் போகவில்லை. சொல்லிக்கொடுத்தது ஆபீஸ் பக்கத்தில் வேலை பார்த்த ஒரு யூரேசிய அம்மா. ஆங்கிலம் பாதி, மலாய் பாதி, நடுநடுவே நல்ல தமிழ். கேசட்டைப் போட்டுவிட்டு, எட்டு வரைக்கும் எண்ணச் சொன்னார். முட்டியை மடக்கு, தரையைப் பார்க்காதே, தரை எங்கேயும் ஓடிப்போகாது என்பார். அத்தையால் தரையைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அதைவிட மோசம், அந்த டெக்னீஷியன் அண்ணன் கையை நீட்டி முன்னால் வந்தால், தொழிற்சாலை நடைபாதையில் ஆம்பளைக்கு வழிவிடுவதுபோல் ஓரமாக ஒதுங்கி நின்றுவிடுவாள். அவரோ, கை பட்டால் 'சாரி' என்பார், படாவிட்டாலும் 'சாரி' என்பார். முதல் சனிக்கிழமை முப்பத்திரண்டு சாரி. அப்பாவிடம் சொன்னேன். திருப்திப்பட்டார்.

மூன்றாவது வாரம், கேசட் சிக்கிக்கொண்ட நேரத்தில், அந்த அம்மா இந்த ஆட்டத்தின் கதையைச் சொன்னார். நியூயார்க்கில் கறுப்பு மக்கள் வாழ்ந்த பகுதியில் பிறந்ததாம். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் ஆடியது. வெள்ளைக்காரர்களின் பழைய நடனங்களில் ஜோடி கடைசி வரைக்கும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டே இருக்கும். இவர்கள்தான் நடுவில் கையை விட்டார்களாம். விட்டுவிட்டு, அவரவர் காலுக்குத் தோன்றியதை ஆடிவிட்டு, தாளம் தப்பாமல் திரும்ப வந்து பிடித்துக்கொள்வது. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தரையில் ஆடிய மண்டபம்கூட அங்கே இருந்ததாம், மற்ற இடங்களில் ஒன்றாக உட்காரவே விடாத காலத்தில். பிறகு இசைத்தட்டுகளோடும் சிப்பாய்களோடும் பினாங்குக்கு வந்து சேர்ந்தது. இங்கே கேளிக்கைப் பூங்காக்களில் நடனக் கூடம் இருக்கும், ஆண்கள் கூப்பன் வாங்கி, ஒரு பாட்டுக்கு ஒரு கூப்பன் என்று கொடுத்து, அங்கே வேலை பார்த்த பெண்களோடு ஆடுவார்கள். கடைசிப் பகுதியை அந்த அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் அத்தை என் பக்கம் சாய்ந்தாள். "கூப்பன் கதை மட்டும் அப்பாகிட்ட வேணாம்லா, கண்ணு." இறங்கியதும் ஐஸ் காச்சாங் வாங்கிக் கொடுத்தாள். நான் லஞ்சம் வாங்கிய முதலும் கடைசியுமான சந்தர்ப்பம் அது. சிவப்புச் சிரப் கூடுதலாக ஊற்றச் சொன்னேன்.

கூப்பனை விழுங்கிவிட்டு மீதியை அப்பாவிடம் ஒப்பித்தேன். அடிமைகளின் ஆட்டமா என்று முதலில் முகம் சுளித்தார். பிறகு யோசித்தார். உழைத்துக் களைத்த ஜனங்கள் ஆடியது, அதில் தப்பில்லை என்றார். நடுவில் கையை விட்டுவிடுவார்கள் என்பது அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அந்தப் பாகத்தை நிறையப் பழகச் சொல் என்றார். எங்கிருந்தோ வந்த ஆட்டத்துக்கு அவ்வளவு சுலபமாக மன்னிப்புக் கிடைத்தது. சிம்பாங் அம்பாட் எஸ்டேட் மட்டும் அவருக்குத் தூரமாகவே இருந்தது.

அப்பா சொன்னபடியே அதை நிறையப் பழகினார்கள். சுழலும்போது கைக்குட்டை பறந்து விழும். ஓடிப்போய் எடுத்துக் கொடுப்பேன். அவர் அதை ஒழுங்காக மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து, "சரியா இருக்கா பாருங்க, இன்ஸ்பெக்டர்" என்பார். எனக்கு அவரைப் பிடிக்கத் தொடங்கியிருந்தது. சாரி இருபதாகி, பத்தாகி, ஒரு வாரம் இரண்டுக்கு வந்தது. அத்தை தரையைப் பார்ப்பதும் குறைந்துகொண்டே போனது.

ஆறாவது சனிக்கிழமை மழை. தகரக் கூரையில் அது போட்ட சத்தத்தில் பாட்டு பாதிதான் கேட்டது, எண்ணுகிற குரல் கேட்கவே இல்லை. அந்த அம்மா எண்ணுவதை நிறுத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர்கள் நிறுத்தவில்லை. கையை விட்டார்கள். அத்தை சுழன்று அந்தப் பக்கம் போனாள், ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்துச் சிரித்தாள். அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டு தன் காலுக்குத் தோன்றியதை ஆடினார். பிறகு இரண்டு கைகளும் பின்னால் நீண்டு, நடுவில் சந்தித்தன. மறுபடி விட்டார்கள், மறுபடி சந்தித்தன. ஒரு தடவைகூடத் தவறவில்லை. கைக்குட்டையும் விழவில்லை. எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. எங்கள் வீட்டில் ஒருத்திக்கு இப்படி ஒன்று செய்யத் தெரியும் என்பதில் அவ்வளவு பெருமை.

சாயந்திரம் அப்பா பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தாமல் வழக்கமான கேள்விகளைக் கேட்டார். கைக்குட்டை இருந்ததா? இருந்தது. தள்ளி நின்றார்களா? நின்றார்கள். ஏதாவது பேசிக்கொள்கிறார்களா? இல்லவே இல்லை. எல்லாம் உண்மை. அதோடு எழுந்து போயிருக்கலாம். ஆனால் அத்தைக்கு நல்ல மார்க் வாங்கிக் கொடுக்காமல் போக எனக்கு மனசு வரவில்லை.

"அப்பா, இப்பல்லாம் அவங்க எண்ணுறதே இல்ல. அத்தை திரும்பிப் பாக்காமலே கைய நீட்டுறாங்க. கரெக்டா அங்க அந்த அண்ணன் கை இருக்கு."

அப்பா பேப்பரை மடித்தார். அடுப்படியில் அம்மா எதையோ இறக்கிவைக்கும் சத்தம் கேட்டது. போய்க் குளி என்றார் அப்பா, கோபமே இல்லாமல்.

அதற்குப் பிறகு நடந்ததில் சொல்ல அதிகமில்லை. அத்தைக்கு முட்டி வலி என்று தொழிற்சாலைக்குக் கடிதம் போயிற்று. டின்னரில் வேறொரு ஜோடி ஆடியதாம். அந்த அண்ணன் ஃபெர்ரிக்கு அக்கரையில், மாக் மண்டினில் ஒரு பட்டறைக்கு மாறிப் போய்விட்டார் என்று பின்னால் கேள்விப்பட்டோம். மூன்று மாதத்தில் ஈப்போ மாப்பிள்ளை அத்தையின் கையைப் பிடித்தார். நல்ல மனிதர். இரண்டு பையன்கள். அத்தை குறை என்று எதையும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனாலும் அந்த ஒரு வாக்கியத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கிறது. கூப்பனை மறைக்கத் தெரிந்த எனக்கு இதை மறைக்கத் தெரியவில்லை.

இதெல்லாம் நடப்பதற்கு முன், அந்த மழைச் சனிக்கிழமைக்கு மறுநாள் காலையில், அத்தை எனக்கு எண்ணெய் வைத்துத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். நான் தரையில், அவள் பின்னால் ஸ்டூலில். அப்பா அதற்குள் அவளிடம் ஏதோ பேசியிருந்தார். அது என்னவென்று எனக்குத் தெரியாது.

"நேத்து அப்பாகிட்ட என்னம்மா சொன்ன?"

நல்லதாகத்தான் சொன்னேன் என்று சொல்லி, ஒரு வார்த்தை மாறாமல் ஒப்பித்தேன். பின்னுகிற கை நின்றது.

"அப்படியா தெரிஞ்சுச்சு?" என்றாள்.

"ஆமா அத்தை."

"அவரும் பாக்கலையா?"

"அவரும்தான் பாக்கல. ரெண்டு பேரும் பாக்கல."

"இன்னொரு தடவ சொல்லு."

அவள் முகம் என் கண்ணுக்குத் தெரியவில்லை. குரல் மெதுவாக, நன்றாகத்தான் இருந்தது. பெரியவர்களுக்கும் புகழ்ச்சி என்றால் இவ்வளவு ஆசையா என்று நினைத்துக்கொண்டு, நான் மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். அவளைச் சந்தோஷப்படுத்துவதற்காக, இந்தத் தடவை கொஞ்சம் கூட்டியே சொன்னேன்.