பினாங்கில் நான் கொடுத்த குரல்

எங்கள் தீவின் ஜெட்டியிலிருந்து ஷாதிபூர் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தேன். கப்பலை விட்டு இறங்கி அரைமணி நேரம்கூட ஆகவில்லை; காலுக்கடியில் தரை இன்னும் ஆடியது. பினாங்கில் பல நாட்டுக்காரர்கள் கூடிய டிராகன் படகுப் போட்டிக்குப் போய்விட்டு வந்திருந்தோம். மற்றவர்கள் கான்ட்ராக்டரைப் பார்க்கக் கீழேயே நின்றார்கள். முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் எல்லோருக்கும் துறைமுகப் படகில் நிரந்தர வேலை வாங்கித் தருவதாகச் சொல்லித்தான் அவர் எங்களை அனுப்பினார். நாங்கள் நான்காவதாக வந்தோம். என்னால்தான்.

எங்கள் படகில் முரசு அடித்த ராமநாதபுரத்துக்காரர் பின்னாலேயே மூச்சிரைக்க வந்தார்.

"ஏம்ப்பா, சொல்லாமக் கொள்ளாமப் போறியே?"

"என்னத்தச் சொல்ல, அண்ணே?"

"அங்க மட்டும் வாயைத் திறந்தியே! அதுல பாதி சத்தம் இங்க போட்டா கான்ட்ராக்டர் பயந்து வேலை குடுத்துடுவாரு."

சிரிப்பு வந்தது. ஆனாலும் நடந்தேன்.

நான்காம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். பெரார்கஞ்சில் நெல் அறுத்தேன், மரம் இழுத்தேன், இரண்டு வருஷம் நிக்கோபாரில் தேங்காய் ஏற்றினேன். பட்டினி புதிதல்ல. ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்று முதல்முறையாக ஆசைப்பட்டது அந்தத் துறைமுகப் படகு வேலைக்காகத்தான்.

துடுப்பு பிடித்த இருபது பேரில் பாதிப்பேர் நிக்கோபாரிகள். அவர்கள் ஊரில் தோணி கரையேறும்போது கடைசியில் இருப்பவன் பின்னால் வரும் அலையைப் பார்த்து 'ஹோ' என்பான். உடனே எல்லோரும் துடுப்பைத் தூக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் பவளப்பாறையில் மாட்டி முறிந்துவிடும். மிச்சத்தை அலையே பார்த்துக்கொள்ளும். அங்கே தேங்காய்த் தோணியில் என் இடம் கடைசி. பினாங்கிலும் கடைசி வரிசைதான்.

அன்று கடல் பச்சைக் கண்ணாடிபோல இருந்தது. கரையில் யார் யாரோ என்னென்னவோ பாஷையில் கத்தியது தண்ணீருக்கடியிலிருந்து கேட்பதுபோல இருந்தது. முரசு என் நெஞ்சுக்குள்ளேயே அடித்தது. எல்லைக் கொடி தெரிந்தது. எங்களுக்கு முன்னால் ஒரே ஒரு படகுதான். அப்போது எங்கோ போன மோட்டார் படகின் அலை ஒன்று மெதுவாக வந்து எங்கள் பின்பக்கத்தைத் தூக்கியது.

நான் 'ஹோ' என்றேன்.

நிக்கோபாரிகள் துடுப்பைத் தூக்கினார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்களும் தூக்கினார்கள். முரசுகூட நின்றுவிட்டது. இருபது துடுப்புகளிலிருந்தும் தண்ணீர் சொட்டியது. படகு எங்கேயும் போக வேண்டாததுபோல மிதந்தது. வெட்கம் பிறகுதான் வந்தது. அந்த ஒரு மூச்சு நேரம் நான் சந்தோஷமாக இருந்தேன். அலை எங்களை விட்டுவிட்டு முன்னே போனது. இருபுறமும் இரண்டு படகுகள் தாண்டிப் போயின.

திரும்பி வந்த வழியெல்லாம் யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஜெட்டியில் அவர்களோடு நின்றிருப்பேன்.

மேட்டின் உச்சியில் ராமநாதபுரத்துக்காரர் என் தோளைத் தட்டிவிட்டு இறங்கிப் போனார்.

மறுநாள் காலை தெற்கே ஹட் பே என்ற இடத்துக்கு ஆள் எடுத்தார்கள். காட்டை வெட்டிய இடத்தில் எண்ணெய்ப் பனை நாற்றுக்குக் குழி தோண்டும் வேலை. "கித்னே தின் ரஹேகா?" என்றார் மேஸ்திரி. எத்தனை நாள் இருப்பேன் என்று எனக்கே தெரியாது. பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு மண்வெட்டியை வாங்கிக்கொண்டேன்.